1905-ஐ ஒட்டிய ருஷ்யப் புதினங்களை வாசிக்கும் முறை

ஜார் ஆட்சிக்கு எதிரான 1905 எழுச்சியை ஒட்டி எழுதப்பட்ட ருஷ்யப் புதினங்களுக்குள் புதிதாக நுழைகிறவர்கள், தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் ‘தாய்’ நூலிலிருந்து தொடங்கலாம். அதை வேதம்போல் பாவித்து முழக்கங்களுக்கு அடிக்கோடு இடுவதில் பயனில்லை. காசு பேசப்படும் இடங்களில்தான் நின்று நிதானிக்க வேண்டும்.

ஆலையருகே உள்ள சதுப்பு நிலத்தை வடிப்பதற்காகக் கூலியில் ரூபிளுக்கு ஒரு கோபெக், அதாவது நூற்றில் ஒன்று, பிடிக்கப்படும் என்று நிர்வாகம் அறிவிக்கும் பகுதியை இருமுறை வாசியுங்கள். தாயின் மகனும் ஆலைத் தொழிலாளியுமான பாவெலின் பேச்சுக்குத் தலையாட்டிய கூட்டம், வேலைநிறுத்தம் என்றதும் ஒன்றுபட்டு நிற்கவில்லை. அன்றிரவே அவன் கைதாகிறான். அவனுடைய குழு ஆலையில் பரப்பிவந்த துண்டறிக்கைகள் நின்றுபோனால் பழி மகன்மீதே உறுதியாகிவிடும் என்பதால், சாப்பாடு விற்பவளாக ஆலைக்குள் செல்லும் தாய் அவற்றை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்கிறாள். அவளை முதலில் இயக்கியது கொள்கையன்று, பிள்ளைப் பாசம்; இதைக் கவனியாதவர்களே நூலை வெறும் பிரசாரம் என்று ஒதுக்குகிறார்கள். 1902 மே தினத்தன்று சோர்மவோவில் ஊர்வலம் நடத்திய பியோத்தர் ஸலோமவும் அவருடைய தாயாருமே இக்கதைக்கு மூலம்.

பெயர்கள் குழப்பினால், நடுப்பெயர் தந்தையைக் குறிப்பது என்பதை நினைவில் வையுங்கள்: தாயின் பெயரில் வரும் நீலவ்னா என்றால் நீல் என்பவரின் மகள். அன்றைய ருஷ்ய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியிருந்ததால், பீட்டர்ஸ்பர்க்கில் ஊர்வலம் வந்த தொழிலாளர்களைப் படையினர் சுட்ட 1905-இன் ‘இரத்த ஞாயிறு’ சில நூல்களில் ஜனவரி 9 என்றும் சிலவற்றில் 22 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான்.

அடுத்து, 1910-இல் வெளிவந்த புனினின் ‘கிராமம்’ நூலை எடுக்க வேண்டும். பண்ணையார் வேட்டை நாய்களை ஏவிக் கொன்ற பண்ணையடிமையின் வம்சத்தில் வந்த தீஹன், வியாபாரத்தில் பணம் சேர்த்து அதே பண்ணையை விலைக்கு வாங்குகிறான். 1905 கலவரத்தின்போது குடியானவர்களைக் கண்டு அஞ்சும் இடத்தில் இப்போது அவனே இருக்கிறான். கார்க்கியிடம் நம்பிக்கையாக எழும் கூட்டம், புனினிடம் கசப்பாகவே எஞ்சுகிறது. என் கணிப்பில் புனினே கூர்மையானவர். ஆயினும் ‘தாய்’ நூலை முதலில் வாசிக்காதவர்களுக்கு அந்தக் கசப்பின் காரணம் பிடிபடாது.

சார்டின் மீன் டப்பாவில் வெடிகுண்டு டிக்டிக்கென்று ஓடும் பெலியின் ‘பீட்டர்ஸ்பர்க்’ நூலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மொழிநடை கடினமானது. முதலிலேயே எடுத்தால் முப்பது பக்கத்தில் மூடிவைத்துவிடுவீர்கள்.