அபாயகரமான பொருட்கள் வைத்திருக்கும் தொழிலா? உள்ளூர் அனுமதிக்கான இருப்புக் கணக்கைத் தயாரிப்பது எப்படி

பெயின்ட் கிடங்கு, மெக்கானிக் ஷெட், முலாம் பூசும் பட்டறை, நீச்சல்குளப் பராமரிப்பு என எந்தத் தொழிலானாலும் சரி. தீப்பற்றும், அரிக்கும், நச்சுள்ள பொருட்களை ஓர் அளவுக்கு மேல் வைத்திருந்தால் உள்ளாட்சிக்கோ தீயணைப்புத் துறைக்கோ கணக்குக் கொடுக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. வரம்பு இடத்துக்கு இடம் மாறும். கேட்பது மட்டும் ஒன்றுதான்: என்ன, எவ்வளவு, எங்கே. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் தீயணைக்கப் போன குழுவுக்கு, உள்ளே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடப்பதை யாரும் சொல்லவில்லை. போன பத்துப் பேரும் திரும்பவில்லை. உங்கள் கணக்கையும் அப்படி உள்ளே நுழையப்போகிறவருக்காக எழுதுங்கள்.

படி 1: நடந்து எண்ணுங்கள்

பில்லைப் பார்த்து எழுதாதீர்கள். தாளோடு ஒவ்வோர் அலமாரியையும் திறந்து பாருங்கள், மாடிப்படிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். வழக்கமாக விட்டுப்போகிறவை மூன்று: கழிவு தின்னர், கேஸ் சிலிண்டர், ‘காலி’ டிரம். கழுவாத காலி டிரம்மில் திரவம் இருக்காது, ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அதன்மேல் வெல்டிங் பொறி பட்டால் டிரம் வெடிக்கும். அதையும் பட்டியலில் சேருங்கள்.

படி 2: உண்மைப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

‘தின்னர்’ என்று எழுதினால் போதாது. தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளை சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 16 பிரிவுகள் இருக்கும். 3ஆம் பிரிவில் கலவைப் பொருட்களும் அவற்றின் சிஏஎஸ் எண்ணும், அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்ணும் வரும் (அசிட்டோன் என்றால் 67-64-1, டொலுயீன் என்றால் 108-88-3). 9ஆம் பிரிவில் ஃபிளாஷ் பாயின்ட் இருக்கும்: திரவத்தின் ஆவி ஒரு பொறியில் தீப்பற்றும் அளவுக்கு எழத் தொடங்கும் வெப்பநிலை. அசிட்டோனுக்கு அது சுமார் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். அதாவது குளிர்ந்த அறையிலும் ஒரு பொறி போதும். எதோடு சேரக்கூடாது என்பதை 10ஆம் பிரிவு சொல்லும். கம்பெனியை மாற்றினால் தாளையும் மாற்றுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கலவை வேறாக இருக்கலாம்.

படி 3: உச்ச அளவை எழுதுங்கள்

இன்று 20 லிட்டர் கேன் நான்கு இருக்கலாம். லோடு இறங்கும் நாளில் பத்து இருக்குமானால் எழுத வேண்டியது 200 லிட்டர். படிவம் கிலோவில் கேட்டால் அடர்த்தியால் பெருக்குங்கள்: 200 லிட்டர் அசிட்டோன் சுமார் 158 கிலோ, 35 லிட்டர் அடர் கந்தக அமிலம் சுமார் 64 கிலோ. சில விதிமுறைகளில் ஒவ்வொரு பொருளும் வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது, ஒவ்வொன்றும் தன் வரம்பில் எத்தனை பங்கு என்று பார்த்துக் கூட்டுவார்கள். ஒன்று வரம்பில் 0.6, இன்னொன்று 0.5 என்றால் மொத்தம் 1.1. நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

படி 4: பிரித்து வையுங்கள்

ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இது பலருக்கும் தெரியும். தெரியாமல் நடக்கும் தவறு, ‘அமிலத்தோடு அமிலம்தானே’ என்று நைட்ரிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் ஒரே அலமாரியில் வைப்பது. முன்னது ஆக்சிஜனேற்றி (மற்றதை எரியத் தூண்டுவது), பின்னது எரியக்கூடியது. இரண்டும் வேறு அலமாரிக்குப் போக வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டருக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் இடையே 6 மீட்டர் இடைவெளி அல்லது 1.5 மீட்டர் உயரத் தீத்தடுப்புச் சுவர் வேண்டும் என்பது பரவலான நடைமுறை. எல்லா சிலிண்டர்களையும் நிமிர்த்திச் சங்கிலி போடுங்கள்.

படி 5: கசிவுத் தட்டைக் கணக்கிடுங்கள்

கசிவுத் தட்டு என்பது டிரம் கசிந்தால் திரவத்தைப் பிடித்து நிறுத்த அடியில் வைக்கும் விளிம்புள்ள தட்டு. பலர் சறுக்குவது இங்கேதான். இருப்பதிலேயே பெரிய கலத்தின் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தட்டு தாங்க வேண்டும் என்பது பல இடங்களின் விதி. 200 லிட்டர் டிரம் இரண்டு இருந்தால் தேவை 220 லிட்டர். 1.2 மீட்டர் சதுரத் தட்டு, 16 செ.மீ. உயரம் என்றால் 230 லிட்டர் வருகிறது. போதும்போலத் தெரியும், போதாது. கசியாத டிரம் தட்டுக்குள் இடம் பிடித்துக்கொள்கிறது. அதன் விட்டம் 58 செ.மீ. என்றால் அடிப்பரப்பு 0.264 சதுர மீட்டர். மிச்சம் 1.176 சதுர மீட்டர்தான். 220 லிட்டர் நிற்க 19 செ.மீ. உயரம் வேண்டும். தட்டு திறந்தவெளியில் இருந்தால் மழைநீரும் அதே இடத்தை நிரப்பும், கூரை போடுங்கள்.

படி 6: வரைபடம்

வாசல்கள், மெயின் சுவிட்ச், கேஸ் வால்வு, தீயணைப்புக் குழாய், ஒவ்வொரு பொருளின் இடம், வடக்குத் திசை. இவற்றோடு மழைநீர் வடிகாலைக் கட்டாயம் குறியுங்கள். தீயணைக்கும் நீர் ரசாயனத்தை அடித்துக்கொண்டு அதில்தான் இறங்கும்.

ஆய்வாளர் வருவதற்கு முன்

சிறு பாட்டிலில் ஊற்றி வைத்த எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டுங்கள், தண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றாதீர்கள். தரவுத் தாள்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் கரண்ட் போனதும் கைக்குக் கிடைக்காது. ஒரு அச்சுப்பிரதியைப் பட்டியலோடும் வரைபடத்தோடும் வாசலருகே பெட்டியில் வையுங்கள். புதிய பொருள் வந்தாலோ அளவு கூடினாலோ திருத்திய கணக்கை எத்தனை நாளில் தர வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் இருக்கும். அந்த நாள் எண்ணிக்கையை அதே பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.