பினாங்கில் பந்து விளையாட ஆள் தெரியவில்லையா? மூன்று சனிக்கிழமை போதும்

2006ல் சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தேன். ஒரு ஆளையும் தெரியாது. தோட்டத்தில் என்றால் கோயிலுக்குப் பின்னால் திடல், சாயங்காலம் போனால் எல்லாரும் மாமன் மச்சான், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிடலாம். இங்கே அடுக்குமாடி வீட்டுச் சன்னலிலிருந்து திடல் தெரியும், பந்து உதைக்கிற சத்தமும் கேட்கும். ஆனால் கீழே போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நாலு மாதம் மேலே இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரே திடலுக்கு, ஒரே நேரத்துக்கு, மூன்று சனிக்கிழமை விடாமல் போங்கள். இங்கே அக்கம்பக்க ஆட்டமெல்லாம் ஐந்தரைக்கு மேல், வெயில் இறங்கியதும்தான் தொடங்கும். ஏழேகால், ஏழரைக்கு மஃரிப் பாங்கு சொன்னால் முடிந்துவிடும். ஐந்தே காலுக்கே போய்விடுங்கள். பூட்ஸ் பையைக் கையில் வைத்துக்கொண்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நில்லுங்கள். வெளியே போகிற பந்தை ஓடிப்போய் எடுத்துக் கொடுங்கள். முதல் வாரம் யாரும் கூப்பிடாமல் போகலாம், மனதை விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு ஷிஃப்ட் மாறும், இன்னொருவர் மாமியார் வீட்டுக்குப் போவார், என்றைக்காவது ஒரு ஆள் குறையும். என்னைக் கூப்பிட்டது மூன்றாவது வாரம். தலை நரைத்த ஒரு அண்ணன், "தம்பி, பூட்ஸ் இருக்கில்ல? லெஃப்ட் பேக் நிக்கிறியா?" என்றார். கோலுக்கு முன்னால் இடது ஓரத்தில் நின்று தடுக்கிற இடம் அது. பதினெட்டு வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றேன்.

திடலில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் கலந்துதான் ஆடுவார்கள். "பாங், சுகுப் ஓராங்?" என்று கேட்டால் போதும். ஆள் சரியாக இருக்கிறதா என்று அர்த்தம். வார நாட்களில் பெரும்பாலும் தோற்ற டீம் வெளியே போகும், ஜெயித்த டீம் நிற்கும். அடுத்த டீமுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

புதிதாகப் போகிறவர் ஸ்ட்ரைக்கர் இடம் கேட்காதீர்கள். அந்த இடத்துக்கு ஏற்கெனவே நாலு பேர் வரிசையில் இருப்பார்கள். பின்னால் நிற்க ஆள் கிடைப்பதுதான் எங்கும் கஷ்டம், இடது காலில் உதைக்கிறவர் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். லெஃப்ட் பேக்கில் எனக்குப் பழக்கிவிட்டதை அப்படியே சொல்கிறேன். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அதையே வாய் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. உடம்பைப் பாதி திருப்பி நில்லுங்கள், ஒரு தோள் பந்துப் பக்கம், மறு தோள் உங்கள் ஆள் பக்கம். கழுத்தைத் திருப்பாமலே இரண்டும் ஓரக்கண்ணில் விழ வேண்டும். நேராகப் பந்தைப் பார்த்து நின்றால் உங்கள் ஆள் முதுகுக்குப் பின்னால் புகுந்து போவது தெரியவே தெரியாது. பந்து மேலே வரும்போது கோலுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நீங்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி வாய். "ஆள் வருது!", "டைம் இருக்கு!", "பின்னால கொடு!" இந்த மூன்றையும் சரியான நேரத்தில் கத்துகிறவரை அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள், கால் சுமாராக இருந்தாலும் சரி. பந்து வாங்குகிறவனுக்கு முதுகில் கண் இல்லை. உங்கள் சத்தம்தான் அவனுக்குக் கண்.

சாமான் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். புல் திடலுக்கு நீள ஸ்டட், செயற்கைப் புல்லுக்குக் குட்டைக் குட்டையாக நிறைய ரப்பர் முளை வைத்த டர்ஃப் பூட்ஸ், ஃபுட்சால் கோர்ட்டுக்குத் தட்டை அடி. மூன்றுக்கும் ஒரே ஜோடி ஆகாது. 2011ல் மழை விட்ட இரவு, நனைந்த செயற்கைப் புல்லில் நீள ஸ்டட்டோடு ஆடினேன். திரும்பும்போது கால் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. கணுக்கால் பிசகிவிட்டது. அங்கிருந்த ஒருவர் அன்போடு சூடு பறக்கத் தைலம் தேய்த்து நீவிவிட்டார், காலையில் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. பிசகினால் முதல் இரண்டு நாள் ஐஸ், துணிக்கட்டு, காலைத் தூக்கி வைத்து ஓய்வு. தைலமும் நீவலும் அப்போதைக்கு வேண்டாம். கால் ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

விலை உயர்ந்த பூட்ஸ் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்று இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போட்டுப் போகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து, ஊரில் 'அடிடாஸ் கம்போங்' என்போமே, சேற்றுத் திடலில் அதைப் போட்டு ஆடுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். கால் வழுக்காது. ஆனால் ஷின் பேடுக்கு, அதுதான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கிற தகட்டுக்கு, மட்டும் காசு கொடுத்துவிடுங்கள். போட்டி ஆட்டத்தில் அது இல்லாமல் நடுவர் இறக்க மாட்டார். கைக்காப்பு, சங்கிலி, காதுக் கடுக்கன் எல்லாம் கழற்ற வேண்டும், டேப் ஒட்டி மறைக்கவும் விதியில் இடம் இல்லை. நம் பையன்கள் காப்புக்காக நடுவரோடு வாதாடி நேரத்தைக் கெடுப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். வீட்டிலேயே கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பினாங்கில் சாயங்கால மழை பொல்லாதது. இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். தூங்குமூஞ்சி மரத்தடிக்கு ஓடாதீர்கள், கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள்.

ஆறேழு மாதம் ஆடினால் போட்டிக்குக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஒன்பது பேர் ஆட்டம், ஒரே நாளில் ஏழெட்டு ஆட்டம் முடியும். தீபாவளி, தேசிய தினம் ஒட்டி நிறைய நடக்கும். தைப்பூசத்துக்கு முன் நம் டீம்களில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள், காவடி எடுத்தவர் கால் ஆற வேறு நாள் பிடிக்கும். டீம் நடத்துகிறவர் அந்த வாரங்களில் பெயர் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அடையாள அட்டை நகலும் பாஸ்போர்ட் படமும் தயாராக இருக்கட்டும். நாற்பது தாண்டியவர்களுக்கு வெட்ரன் பிரிவு தனியாக உண்டு.

காசு கட்டும் முன் ஒன்று. ஒரு வருடம் நாங்கள் 350 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து ஒரு போட்டிக்குக் கட்டினோம். பட்டறையில் வேலை செய்கிற பையன்கள் ஆளுக்கு முப்பது வெள்ளி போட்ட காசு. அந்தப் போட்டி நடக்கவே இல்லை, வாங்கினவர் போனையும் எடுக்கவில்லை. அதிலிருந்து நான் நாலு கேட்கிறேன்: விதித்தாள் எங்கே, ஆட்ட அட்டவணை எங்கே, திடலை முன்பதிவு செய்த கடிதம் எங்கே, ரசீது யார் பெயரில். நான்கும் காட்டாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள், தெரிந்தவராக இருந்தாலும்.

பிள்ளைகளுக்கு வழி பள்ளிக்கூடம்தான். மாவட்ட அளவு, பிறகு மாநில அளவு, அதற்கு மேல் தேசியப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டி என்று படி படியாகப் போகும். உங்கள் பிள்ளை படிப்பது சின்னத் தமிழ்ப்பள்ளி, பதினொரு பேர் தேறவில்லை என்றால் விளையாட்டு ஆசிரியரிடம் போய், "சார், நான் வந்து கூட நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். கூம்பு வைக்கவும் தண்ணீர் கொடுக்கவும் ஒரு அப்பா வந்தாலே ஆசிரியருக்குப் பெரிய பலம். என் மகளுக்குப் பதினொரு வயது, பையன்களோடுதான் பயிற்சி எடுக்கிறாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பந்து" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். நாட்டில் பெண்களுக்கென்று தேசிய லீக்கே இருக்கிறது, அதற்கு ஆடுகிறவர்கள் எங்கிருந்தாவது வர வேண்டுமே என்றேன். பன்னிரண்டு வயது வரை நாலாம் நம்பர் பந்து வாங்கிக் கொடுங்கள். ஐந்தாம் நம்பர் பந்து 450 கிராம் வரை இருக்கும், சின்னக் காலுக்கு அது பாரம்.

ஆட முடியாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. தண்ணீர்த் தொட்டி, ஐஸ், ஜெர்சி மூட்டை எல்லாம் என் பொறுப்பு. விதிகளில் ஆர்வம் இருந்தால் நடுவர் பயிற்சிக்குப் போகலாம். நம்மில் இருந்து இன்னும் நிறையப் பேர் அதற்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் ஸ்டேடியம். மாமாக் கடை என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் பெரிய திரையில் இங்கிலாந்து லீக் பார்க்க விடிய விடிய உட்காருகிற நாம், பக்கத்தில் பாடாங் விக்டோரியா சாலையில் இருக்கிற சிட்டி ஸ்டேடியத்துக்குப் போவதில்லை. அது எனக்குத் தாங்காது. பினாங்குக் காற்பந்துச் சங்கம் 1921ல் தொடங்கியது. மலேசியக் கிண்ணத்தை நாலு முறை வென்றிருக்கிறது, நாலாவது 1974ல். லீக்கை 1998லும் 2001லும் வென்றது. உலகமே பார்த்த ஒரு கோலும் அந்தத் திடலில்தான் விழுந்தது. 2016 பிப்ரவரி 16, பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக். ஒரு பக்கம் போகிற பந்து காற்றில் மனசு மாறின மாதிரி மறுபக்கம் வளைந்து வலைக்குள் போகும். அந்த வருடத்தின் சிறந்த கோலுக்கான ஃபீபாவின் புஸ்காஸ் விருது அதற்குக் கிடைத்தது. நான் அன்றைக்கு இரவு ஷிஃப்ட். ஓய்வு நேரத்தில் ஒரு பையன் போனைக் கொண்டுவந்து காட்டினான், காலணி மாற்றும் அறையில் ஏழெட்டுப் பேர் தலையை முட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தோம். வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் நடந்ததைப் போனில் பார்த்தேன். அதற்குப் பிறகு சொந்த ஊர் ஆட்டம் இருக்கிற நாளில் முடிந்தவரை ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறேன்.

கிளம்பும் முன் எந்த ஸ்டேடியம் என்று பாருங்கள். மாநில ஸ்டேடியம் கடல் தாண்டி பத்து காவானில் இருக்கிறது, அங்கேயும் ஆட்டம் நடந்ததுண்டு. நீலமோ மஞ்சளோ போட்டுப் போங்கள். எதிர் டீம் நிறத்தில் தெரியாமல் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் தடவை குடும்பத்தோடு போகிறவர்கள் கொட்டு அடித்துப் பாடுகிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார வேண்டாம், அவர்கள் தொண்ணூறு நிமிடமும் நின்றேதான் இருப்பார்கள், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், பாட்டும் கேட்கும் ஆட்டமும் தெரியும். மழைக்கோட்டு கொண்டுபோங்கள், குடை விரித்தால் பின்னால் இருப்பவர்கள் பார்க்க முடியாது.

'ஹரியா!' என்று ஒரு குரல் எழும்பும். பினாங்கு ரசிகர்களின் பழைய கூப்பாடு அது. ஒருவர் தனியாக இழுத்துக் கத்துவார், அரங்கம் முழுக்கத் திருப்பிக் கத்தும். என் மகள் முதல் தடவை பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் பாதியில், எல்லாரும் அமைதியாக இருந்த ஒரு நேரம், அவளே எழுந்து நின்று கத்தினாள். நாலு வரிசை முன்னால் இருந்த ஒரு மலாய்த் தாத்தா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையை உயர்த்திப் பதில் கொடுத்தார். அவரோடு சேர்ந்து எங்கள் பக்கம் முழுக்க எழுந்தது.