முன்னால் ஓடுபவரின் முதுகை நம்பாதீர்கள்: ஃபெல் ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ஃபெல் ஓட்டத்தில், அதாவது மலை ஓட்டப் பந்தயத்தில், ஓடுபவர்களைக் கண்காணிக்கும் மார்ஷலாக ஒரு செக்பாயிண்டில் நின்றிருந்தேன். மேகம் தரைவரை இறங்கியிருந்தது. மூச்சிரைக்க வந்த ஓர் இளைஞர், "அடுத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மேப்பை எடுக்கச் சொன்னேன். அது பைக்குள் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அதற்குள் இரண்டு பேர் எங்களைக் கடந்து போனார்கள். அவர்களைப் பார்த்ததும் மேப்பை உள்ளே திணித்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவிட்டார். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

ஷூ, கொப்புளம், காலைச் சாப்பாடு பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவற்றை இரண்டு ஓட்டங்களில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

தூரத்தை மட்டும் பார்த்துப் பெயர் கொடுப்பது

வடக்கு இங்கிலாந்தில் மலையை ஃபெல் என்பார்கள். அங்கே பந்தயங்களுக்கு இரண்டு எழுத்தில் தரம் கொடுத்திருப்பார்கள். முதல் எழுத்து ஏற்றத்தையும் இரண்டாவது தூரத்தையும் குறிக்கும். 'ஏ' என்றால் கிலோமீட்டருக்குச் சராசரியாகக் குறைந்தது 50 மீட்டர் ஏற்றம். 'எஸ்' என்றால் 10 கிலோமீட்டருக்குள். அப்படியென்றால் 8 கிலோமீட்டர் 'ஏஎஸ்' பந்தயத்தில் குறைந்தது 400 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். சாலையில் 8 கிலோமீட்டர் ஓட உங்களுக்கு ஆகும் நேரம் இங்கே எதற்கும் உதவாது.

விநோதமான பந்தயங்களில் இந்தத் தவறு இன்னும் அதிகம். வேல்ஸில் லானுர்ட்டிட் வெல்ஸ் என்ற ஊரில் 1980 முதல் மனிதர்களும் குதிரைகளும் சேர்ந்து ஓடும் பந்தயம் நடக்கிறது. முதன்முதலாக ஒரு மனிதர் குதிரைகளை வென்றது 2004இல்தான். குதிரையை நினைத்து ஆசையாகப் பெயர் கொடுப்பவர்கள், 35 கிலோமீட்டர் அளவுக்கு மேடும் சேறுமாக ஓட வேண்டும் என்பதை யோசிப்பதில்லை.

செங்குத்தில் ஓடுவது

நடங்கள். தொடையில் கையை ஊன்றி நடங்கள். முன்னணியில் இருப்பவர்களும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

முதுகைப் பார்த்து ஓடுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில், லாங்டேல் பள்ளத்தாக்கில் தொடங்கி அங்கேயே முடியும் ஒரு ஓட்டம். எஸ்க் பைக் என்ற சிகரத்திலிருந்து 'ஓர் கேப்' என்ற கணவாய்க்கு இறங்கி, அங்கிருந்து தென்கிழக்கே 902 மீட்டர் உயரமுள்ள போஃபெல் சிகரத்தின் மேல் ஏற வேண்டும். மூடுபனியில் இருபதடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் தயங்காமல் ஓடிக்கொண்டிருந்தார். தெரிந்தவர் போல என்று நினைத்துப் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

கணவாயில் அவர் தெற்கே இறங்கினார், நாங்களும் இறங்கினோம். கால் சுகமாகப் போனது. மேகத்தைவிட்டு வெளியே வந்தபோது கீழே தெரிந்தது எஸ்க்டேல் என்ற வேறொரு பள்ளத்தாக்கு. முன்னால் ஓடியவர் திரும்பிப் பார்த்து, "மூணு பேர் பின்னால் வந்தீங்களே, தப்பான வழின்னா சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். நாங்கள் அவரை நம்பினோம், அவர் எங்களை நம்பியிருக்கிறார். நான்கு பேரில் ஒருவர்கூட வழி பார்க்கவில்லை.

அங்கிருந்து லாங்டேலுக்குச் சாலைவழி போவதென்றால் ஹார்ட்நாட், ரைனோஸ் என்று இரண்டு கணவாய்களைத் தாண்ட வேண்டும். அதனால் இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறினோம். பத்து நிமிடத்தில் இறங்கியதை ஏற முக்கால் மணி நேரம் ஆனது. எங்களில் ஒருவர் நடுங்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த செக்பாயிண்டின் நேரக்கெடு முடிந்திருந்தது. இத்தனைக்கும் காம்பஸ் என் கையிலேயே இருந்தது. ஒரே ஒரு முறை குனிந்து பார்த்திருந்தால் போதும்.

லேக் டிஸ்ட்ரிக்டிலேயே பாப் கிரஹாம் சுற்று என்றொரு மலையோட்டச் சவால் உண்டு. அதில் 24 மணி நேரத்துக்குள் 42 சிகரங்களைத் தொட வேண்டும். அதை முயல்கிறவர்களும் பெரும்பாலும் கூட வருபவரை நம்பித்தான் ஓடுகிறார்கள். ஆனால் அங்கே வழி பார்ப்பது ஒருவர் ஒப்புக்கொண்ட பொறுப்பு. பந்தயத்தில் முன்னால் ஓடுபவர் உங்களிடம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, என்ன செய்யலாம்? செக்பாயிண்டை விட்டுக் கிளம்பும் முன் பத்து விநாடி நின்று, அடுத்த திசையைக் காம்பஸில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தமுள்ள ஃபோன் உறை பக்கத்தில் இருந்தால் முள் விலகும், தள்ளிப் பிடியுங்கள். கிளம்பிய பிறகு, மேப் சொல்கிறபடிதான் தரை சாய்கிறதா, ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஏற வேண்டிய இடத்தில் கால் இறங்கிக்கொண்டிருந்தால் உடனே நில்லுங்கள். இறக்கத்தில் தவறு வேகமாக வளரும். அப்புறம், சில பந்தயங்களில் ஜிபிஎஸ் பார்த்து வழி தேட அனுமதி இல்லை, விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். முடிந்தால் முந்தைய வாரமே போய், குழப்பமான கணவாய்களை மட்டுமாவது நடந்து பாருங்கள்.

மழைக்கோட்டைத் தாமதமாகப் போடுவது

நடுக்கம் வரும் முன் போடுங்கள். விரல் விறைத்துவிட்டால் ஜிப்பை இழுக்க முடியாது.

சொல்லாமல் விலகிப் போவது

பாதியில் விலகினால் முடிவிடத்துக்குப் போய் உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். போன வாரம் ஒரு எண் கணக்கில் வரவில்லை. மலை மீட்புக் குழுவைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான், அவர் எப்போதோ காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது தெரிந்தது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.