வெள்ளி இரவு கிளம்பி திங்கள் காலை திரும்ப: டெல்டா ஊர்க்காரர்களுக்கு ஒரு பயணக் கையேடு

சென்னையிலிருந்து டெல்டாவுக்குப் போய் வரும் பயணம் பெரும்பாலும் கடைசி இருபது, முப்பது கிலோமீட்டரில்தான் சொதப்பும். ரயில் அதிகாலை மூன்றரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். ஊருக்குப் போகும் முதல் டவுன் பஸ் விடிந்த பிறகுதான் வரும். ஞாயிறு மாலை வர வேண்டிய மினி பஸ் ஒரு நடை வராமல் போகும். எட்டு கிலோமீட்டர் தள்ளி ரயில் கிளம்பிவிடும். அதனால் திட்டத்தைக் கிராமத்து முனையிலிருந்து போட ஆரம்பியுங்கள். முதலில் ஞாயிறு இரவு எப்படித் திரும்புவது, அதற்கு ஊரிலிருந்து எந்த பஸ் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும் டிக்கெட்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. வெள்ளிக்கிழமைக்குத் திறந்து இரண்டு நாள் கழித்துத்தான் ஞாயிற்றுக்கிழமைக்குத் திறக்கும். போகும் டிக்கெட் கிடைத்த நிம்மதியில் பலர் அந்த இரண்டாம் நாளை விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஃபோனில் அலாரம் வையுங்கள்.

தட்கலை நம்பி இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரயில் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும்தான் அது திறக்கும். ஞாயிறு ரயிலென்றால் சனிக்கிழமை காலை. அந்த நேரத்தில் நீங்கள் கல்யாண மண்டபத்தில் பந்தியில் இருப்பீர்கள், அல்லது டவர் கிடைக்காத வயல் ஓரத்தில் இருப்பீர்கள். சென்னையில் இருக்கும் ஒருவரிடம் வெள்ளிக்கிழமையே பொறுப்பை ஒப்படையுங்கள். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். அவருடைய கணக்கு அப்படிப்பட்டதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர், வயது விவரங்களை அவர் கணக்கில் முதலிலேயே ஏற்றி வைத்துவிட்டால் அந்த முதல் இரண்டு நிமிடத்தில் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

தேதியையும் கவனியுங்கள். நீங்கள் ஏறும் நிலையத்துக்கு ரயில் இரவு 12.10-க்கு வருகிறதென்றால் உங்கள் பயணத் தேதி திங்கள். ஞாயிறு என்று போட்டு எடுத்தால் ஒரு நாள் முன்னதாகவே உங்கள் ரயில் போய்விட்டிருக்கும்.

நடுவழி நிலையத்திலிருந்து வெயிட்டிங் லிஸ்ட் காட்டினால், ரயில் கிளம்பும் நிலையத்திலிருந்து தேடிப் பாருங்கள். கும்பகோணத்தில் ஏறுகிறவர் உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூரிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் இடத்தைக் கும்பகோணம் என்று மாற்றிக்கொள்ளலாம். கிளம்பும் நிலையத்திலிருந்து எடுத்தால் பொது ஒதுக்கீட்டில் இடங்கள் அதிகம். கட்டணம் கொஞ்சம்தான் கூடும். ஏறும் இடத்தை மாற்றாமல் விட்டால், தஞ்சாவூரில் ஆள் வரவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் உங்கள் படுக்கையை, படுக்கை கிடைக்காமல் உட்கார இடம் மட்டும் உள்ள ஆர்ஏசி பயணிக்குக் கொடுத்துவிடலாம். எழும்பூர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் ஏறுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

எந்த வழி

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று போகும் மெயின் லைன் ஒற்றைப் பாதை. எதிர் ரயிலுக்காக நிற்க வேண்டும். ஒன்று தாமதமானால் வரிசையாக எல்லாம் தாமதமாகும். விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன் இரட்டைப் பாதை, ரயில்களும் ஏராளம். மெயின் லைனில் போகும் உழவன், மன்னை ரயில்கள் இரண்டிலும் இடம் இல்லையென்றால் மலைக்கோட்டை, பாண்டியன், பொதிகை என்று திருச்சிக்குத் தேடுங்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 50 கிலோமீட்டர். ஜங்ஷனில் இறங்கியவர் அங்கேயே இருந்து தஞ்சாவூர் ரயிலைப் பிடிப்பதுதான் எளிது. வெளியூர் பஸ்கள் 2025 ஜூலையில் மதுரை சாலையில் உள்ள பஞ்சப்பூருக்கு மாறிவிட்டன. பழைய ஞாபகத்தில் மத்திய பேருந்து நிலையத்துக்கு மூட்டையோடு நடக்காதீர்கள்.

தஞ்சாவூரிலும் இந்தக் குழப்பம் உண்டு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது பழைய பஸ் ஸ்டாண்ட். புதியது நகரத்துக்கு வெளியே. உங்கள் ஊர் பஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்த பிறகு ஆட்டோவில் ஏறுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். வெள்ளி மாலை நகருக்குள்ளிருந்து அங்கே போக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தாம்பரம் தாண்டியதும் ஜிஎஸ்டி சாலை நகராது. மின்சார ரயிலில் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் வரை வந்துவிட்டால் மிச்சம் கொஞ்ச தூரம்தான். பண்டிகை நாட்களில் எந்த ஊர் பஸ் எந்த நிலையத்திலிருந்து என்று அறிவிப்பு தனியாக வரும். அதைப் படிக்காமல் கிளம்ப வேண்டாம்.

காரில் போவதென்றால் வெள்ளி இரவு 7 மணிக்குக் கிளம்புவதைவிட, தூங்கி எழுந்து சனி அதிகாலை 3 மணிக்குக் கிளம்புவது மேல். பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரையிலான நெரிசலும், பரனூர் சுங்கச்சாவடி வரிசையும் அப்போது இருக்காது. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். செல்லாத ஃபாஸ்டேக் என்றால் யுபிஐயில் கட்டினாலும் ஒன்றேகால் மடங்கு கட்டணம். அணைக்கரையில் கொள்ளிடத்தின் மேல் உள்ள பழைய பாலம் மிகக் குறுகல். வரைபடம் அந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கே காத்திருக்க வேண்டிய நேரத்தை அது சொல்லாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டினால் அரை மணி போய்விடும். மன்னார்குடி பக்கம் போகிறவர்கள் இதைச் சேர்த்தே நேரம் வைக்கிறார்கள்.

அறுவடைக் காலத்தில், அதாவது குறுவைக்கு செப்டம்பர், அக்டோபர், சம்பாவுக்குத் தை, மாசி, கிராமத்துச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயும். வைக்கோல் மேல் பிரேக் பிடித்தால் டூ வீலர் சறுக்கும். கார் அதன் மேல் ஓடினால் கீழே சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சருடன் வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். வேகத்தைக் குறைத்து, வைக்கோல் இல்லாத பக்கமாகப் போங்கள். நிறுத்தும்போது அடியில் குனிந்து பாருங்கள்.

ஊரில் இருக்கும் இரண்டு நாள்

வீட்டில் நிற்கும் பைக்கை நம்பித்தான் பலர் வருகிறார்கள். இரண்டு மாதம் கிளப்பாத வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும், டயரில் காற்று இருக்காது. வியாழக்கிழமையே வீட்டுக்கு ஃபோன் போட்டு, “அண்ணே, வண்டியை ஒரு பத்து நிமிஷம் கிளப்பி வைங்க, காத்தும் பிடிச்சிருங்க” என்று சொல்லிவிடுங்கள். ட்யூப் டயர் வண்டியென்றால் ஒரு மாற்று ட்யூப் வீட்டில் இருக்கட்டும். ஞாயிறு மதியம் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

வேலைகளில் எது நடக்கும், எது நடக்காது என்பதையும் முன்பே பிரித்துவிடுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது. தாலுகா அலுவலகம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடியிருக்கும். பட்டா விஷயத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு போட்டால்தான் உண்டு. கோயில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். அந்த இடைவெளியை சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் சாலை நெரிசல் கிழமையைப் பொறுத்தது. சனிக்கிழமை திருநள்ளாறுக் கூட்டத்தால் காரைக்கால் பக்கத்துப் பஸ்களில் நிற்க இடம் இருக்காது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகப்பட்டினம் போகும் எந்த வண்டியும் காலியாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் பார்த்த கூட்டம் ஆறு மணிக்குமேல் மொத்தமாகக் கும்பகோணம் நோக்கி வரும், சரியாக நீங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் நேரத்தில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கும்பகோணத்திலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி, திருநாகேஸ்வரம் வழியாக வரும் ஊர். ரயில் இரவு 10 மணி. ஸ்டேஷனில் ஒன்பதே காலுக்கு இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ, டிபன் எல்லாம் சேர்த்து ஒரு மணி. ஆக எட்டேகாலுக்குக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட். பஸ் 40 நிமிடம் என்றால் ஏழரை மணி பஸ். அந்தப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அது வராவிட்டால் ஏழரை இருக்கிறது. அதுவும் வராவிட்டால் ஆட்டோ கூப்பிட நேரம் இருக்கிறது. ஏழரைதான் கடைசி பஸ் என்றால் காலையிலேயே ஊர் ஆட்டோக்காரரிடம் சொல்லி, கட்டணம் பேசி, நம்பர் வாங்கிவிடுங்கள்.

மூட்டை

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம். ஆனால் சுமப்பது நீங்கள். 25 கிலோ அரிசியை ஒரே மூட்டையாகக் கட்டாமல் இரண்டாகப் பிரித்துத் தைத்தால் நடைமேடைப் படியை ஒருவரே ஏறிவிடலாம். தேங்காயை உரிக்கும்போது குடுமியை விட்டு உரிக்கச் சொல்லுங்கள். கண் மூடியிருந்தால் சீக்கிரம் அழுகாது. வாழை இலையை வெயில் தாழ்ந்த பிறகு அறுத்து, ஈரம் துடைத்து, சுருட்டி, பழைய செய்தித்தாளில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கினால் புழுங்கி மஞ்சளாகிவிடும். இட்லி மாவு தூக்கில் பாதிக்குமேல் வேண்டாம். இரவு முழுக்க ரயில் வெக்கையில் பொங்கி மூடியைத் தள்ளி, அரிசி மூட்டையில் இறங்கும்.

வழிச் சாப்பாட்டுக்கு இட்லியை நன்றாக ஆற விட்டு, இருபுறமும் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவி இலையில் கட்டினால் மறுநாள் காலை வரை தாங்கும். சூட்டோடு கட்டினால் வியர்த்து ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னியைக் கொண்டுபோக வேண்டாம். புளியோதரை தாங்கும்.

மழையும் தாமதமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் இருந்தால் சனி இரவே வானிலை ஆய்வு மைய அறிவிப்பைப் பார்த்து, ஞாயிறு காலை பகல் ரயிலில் கிளம்புவதா என்று முடிவெடுங்கள். மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறக்கும் நாட்களில் கொள்ளிடத்தின் தாழ்வான தரைப்பாலங்கள் மூழ்கும். ஊரில் மழையே பெய்யாத ஆகஸ்ட் நாளிலும் இது நடக்கும். பெரிய பாலம் இருக்கும் வழியை அன்று தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் ஏறும் நிலையத்துக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போகப் போவதில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அதற்கு அந்த ரயில் உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் டிடிஆர், அதாவது பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், பதிவு செய்ய வேண்டும். பஸ் பிடித்து உட்கார்ந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று விடாமல், ஸ்டேஷனில் நிற்கும்போதே முடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள்.