கம்பனி கைவிட்டாலும் மென்பொருள் ஓட வேண்டும்: நூலகங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் சில வேலைகள்

பாடசாலை நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள், சனசமூக நிலையக் கணனியில் கடிதம் தட்டச்ச லிப்ரே ஆபிஸ், கடையின் இணையத்தளத்துக்குப் பின்னால் மரியாடிபி என்ற தரவுத்தளம். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் அன்றாட வேலை, நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறந்த மூல மென்பொருளை நம்பித்தான் நடக்கிறது. இத்தகைய மென்பொருள் பலவற்றை எழுதுவோருக்கு எங்கோ ஒரு கம்பனி சம்பளம் கொடுக்கிறது. அந்தச் சம்பளம் நின்றாலும் நிரல் அழியாது. பழைய உரிமத்தில் வெளிவந்த பதிப்பு அந்த உரிமத்திலேயே இருக்கும். நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தம், சிக்கிக்கொள்வது உங்கள் தரவு. ஆகவே தரவிலிருந்து தொடங்குங்கள்.

மரியாடிபி தரவை வெளியே எடுக்கும்போது எழுத்துக் குறியேற்றம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) யூடிஎப்8எம்பி4 என்று கட்டளையிலேயே குறிப்பிடுங்கள். பழைய தரவுத்தளங்கள் பல, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 அமைப்பில் உருவானவை. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பைட்டுகள் சரியாகவே இருக்கும், வாசிக்கும் குறியேற்றம்தான் பிழை. ஆனால் கேள்விக்குறிகளாகவே பதிவாகிவிட்டால் மீட்க வழியில்லை.

கோஹாவிலிருந்து, நூலகங்கள் நூற்பட்டியலைப் பரிமாறப் பாவிக்கும் மார்க் 21 கோப்பாகவும் ஒரு பிரதி எடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலுள்ள லீடர் என்ற பகுதியிலும், 0இலிருந்து எண்ணினால் 9ஆம் இடத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஏ’ இருக்க வேண்டும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியேற்றம் என்பதற்கு அதுவே அடையாளம். அந்த இடம் வெறுமையாக இருந்தால் வேறு நூலக மென்பொருள் அதை மார்க்-8 என்ற பழைய குறியேற்றமாக எடுத்துக்கொண்டு தமிழைச் சிதைத்துவிடும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதங்களும் அறிக்கைகளும் இன்னும் பெரிய ஆபத்தில் இருக்கின்றன. அந்தக் கோப்புகளுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. யூனிகோடுக்கு மாற்றி லிப்ரே ஆபிஸின் ஓடிடி கோப்பாகச் சேமியுங்கள். அது ஐஎஸ்ஓ 26300 தரம் என்பதால் எந்த ஒரு கம்பனியின் கையிலும் இல்லை.

பிறகு இன்னொரு கணனியில் எல்லாவற்றையும் மீட்டு, ‘கோப்பாய்’, ‘கொக்குவில்’ என்று தேடிப் பாருங்கள். சில தட்டச்சுக் கருவிகள் கொம்பையும் அரவையும் தனித்தனிக் குறிகளாக இடும். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் அகப்படாது. இரண்டையும் ஒரே குறியாகச் சேர்க்கும் என்எப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். மீட்டுப் பார்க்காத பிரதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு வெளி டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வவுனியாவிலோ கொழும்பிலோ வையுங்கள். 1981இல் நூலகம் எரிந்த ஊரில் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மென்பொருளின் மூலநிரலை, நிரல் மாற்றங்களைப் பதியும் கிட் என்ற கருவியின் குளோன் கட்டளையில் ‘மிரர்’ தெரிவோடு இறக்கலாம். துணைக் களஞ்சியங்களும் வழுப் பதிவுகளும் அதில் வராது. அதைவிட முக்கியம், இன்று ஓடும் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின் பொதிகளையும் அதை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பையும், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் ஷா256 கூட்டுத்தொகையோடு சேமிப்பது. சில ஆண்டுகள் கழித்து மூலநிரலை மட்டும் வைத்துக்கொண்டு கட்ட முயன்றால், அது கேட்கும் பழைய துணை நிரல் பொதிகள் (லைப்ரரிகள்) கிடைக்காமல் நடுவழியில் நின்றுவிடும்.

ஆபத்தை முன்கூட்டியே அறிய, யார் எத்தனை மாற்றம் செய்தார் என்று காட்டும் கிட் ஷோர்ட்லாக் கட்டளையைக் கடந்த 12 மாதங்களுக்கு ஓட்டி மின்னஞ்சல் முகவரிகளைப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே கம்பனியுடையவை என்றால் மாற்று ஒன்றை இப்போதே தேடி வையுங்கள். பங்களிப்போரிடம் அந்தக் கம்பனி உரிம ஒப்பந்தம் வாங்கினால், அடுத்த பதிப்பின் உரிமத்தைத் தனியாகவே மாற்றவும் முடியும். 2023இல், சேர்வர்களை அமைக்க உதவும் டெராபோர்ம் மென்பொருளின் உரிமம் மாறியபோது, பழைய உரிமத்து நிரலிலிருந்து ஓபன்டோபு என்ற புதிய மென்பொருள் பிரிந்தது.

ஒரு மென்பொருள் இப்படி இரண்டாகப் பிரிந்தால் பெயரைப் பார்க்காதீர்கள், நிரல் எழுதுவோர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பாருங்கள். 2010இல் ஓபன் ஆபிஸிலிருந்து லிப்ரே ஆபிஸ் பிரிந்தபோது பழைய பெயர் ஒரு பக்கம் நின்றது, வேலை மறுபக்கம் போனது. புதிய பதிப்புக்கு மாற அவசரமும் வேண்டாம். சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்றிருந்தது. 2020 டிசம்பரில் முடிவை மாற்றி, 2021 இறுதியோடு நிறுத்தினார்கள். பழைய 7ஆம் பதிப்பிலேயே இருந்தவர்களுக்கு 2024 ஜூன் வரை திருத்தங்கள் கிடைத்தன.

சேர்வரில் டெபியனின் நிலைப் பதிப்பையே பாவியுங்கள். 2024இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் பொதியில் பின்கதவு (இரகசியமாக உள்நுழையும் வழி) வைத்தவர், தனியாகச் சுமந்துகொண்டிருந்த பராமரிப்பாளருக்கு உதவுபவராக வந்து நம்பிக்கை பெற்றவர். அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் புகுந்தது, நிலைப் பதிப்புக்கு வரவில்லை.

இங்கே சம்பளம் கொடுக்கும் கம்பனி கைவிடுவதைவிட அடிக்கடி நடப்பது, சேர்வரைப் பொருத்திய பெடியன் வெளிநாடு போவது. கடவுச்சொற்களை உறையிலிட்டு ஒட்டி அதிபரிடமோ தலைவரிடமோ கொடுங்கள். மீட்கும் படிகளைத் தமிழில் ஒரே தாளில் எழுதுங்கள். அமைப்பைத் தொட்டே இராத ஒருவர் அந்தத் தாளை மட்டும் பார்த்து மீட்கட்டும். அவர் எங்கே நிற்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.