பெரிய கோயிலில் அம்மாவைக் காணோம்: போனில் ஃபிரேம் வைப்பது எப்படி?

தஞ்சாவூர் போய்வந்த படங்களைக் காட்டியபோது அம்மா கேட்டது: “கோபுரம் நல்லா இருக்கு, நான் எங்கடா?” பெரிதாக்கிப் பார்த்தால் விமானத்தின், அதாவது கருவறை மேலுள்ள அந்தக் கோபுரத்தின், அடியில் எறும்பு மாதிரி நிற்கிறார். அடுத்த முறை போனபோது செய்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கேமரா செட்டிங்ஸில் ‘கிரிட்’டைப் போட்டுவிடுங்கள். திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடுகள் வரும். படத்தில் பதியாது, பயப்பட வேண்டாம். அளவு 4:3 இருக்கட்டும். 16:9 வைத்தால் பெரும்பாலான போன்களில் அதே படத்தின் ஓரத்தைத்தான் வெட்டித் தருகிறது.

அடுத்து, ஆளை நெடுக்குக் கோடு ஒன்றிலும், விமானத்தை மற்றொன்றிலும் வையுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கப்புறம். 216 அடி உயரத்தையும் அடக்க வேண்டும் என்று கிட்டே நின்று போனை அண்ணாத்திப் பிடித்தேன். விமானம் பின்னால் சாய்ந்து விழப்போவது போல வந்தது. சரி என்று 0.5 என்ற அகல லென்ஸுக்கு மாற்றினால் ஓரத்தில் நின்ற அம்மாவின் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

தீர்வு சுலபம். கோபுரத்தை விட்டு விலகுங்கள். உள்வாயில் பக்கம் வரை பின்னால் வந்து, நந்தி மண்டபம் மறைக்காதபடி ஓரமாக நில்லுங்கள். அம்மாவைக் கோபுரத்திடம் அனுப்பாதீர்கள். உங்களிடமிருந்து ஆறடியில் நிறுத்துங்கள். போனை அவர் முக உயரத்தில், சுவர் மாதிரி நேராக, நெடுக்கு வாட்டில் பிடியுங்கள். லென்ஸ் 1எக்ஸ், அதாவது போனின் சாதாரண லென்ஸ். முகம் படத்தின் நடு உயரத்தில் இருக்கும், கீழே தேவையில்லாத இடம் நிறைய வரும். வரட்டும். வீட்டுக்கு வந்து அடியில் கால்வாசியை வெட்டுங்கள். 4:3 படம் சதுரமாகிவிடும், முகம் சரியாகக் கீழ்க் குறுக்குக் கோட்டில் உட்காரும். அம்மா இடுப்பு வரை, பின்னால் விமானம் கலசத்தோடு முழுசாக!

வெட்ட நான் வைத்திருப்பது ஸ்னாப்சீட் ஆப் மட்டும். லேசான சாய்வு மிச்சமிருந்தால் அதிலேயே ‘பெர்ஸ்பெக்டிவ்’ இருக்கிறது. அழகுபடுத்தும் ஆப் எதுவும் வேண்டாம், அம்மாவின் மூக்குத்தியையே அழித்துவிடுகின்றன.

நேரம்: கோயில் கிழக்குப் பார்த்தது, அதனால் காலை வெயில் விமானத்தின் முகப்பில் விழும். மாலையில் சூரியன் பின்னால் போய்விடும், கரிய நிழலுருவம் வேண்டுமென்றால் அப்போது வாருங்கள். உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம். செருப்பில்லாத காலைத் தரை சுடும்போது யார் நின்று போஸ் கொடுப்பார்கள்? காலையில் ஒரு தொல்லை உண்டு, ஆளின் கண் கூசும். “கண்ணை மூடிக்கோம்மா, மூணு எண்ணினதும் திற” என்று சொல்லி, திறந்ததும் தட்டிவிடுவேன்.

பிற்சேர்க்கை: “நீங்கள் சொன்னபடி கிட்டே நிறுத்தினேன், கோபுரம் மங்கிவிட்டது” என்று கமெண்டில் இரண்டு பேர். போர்ட்ரெய்ட் மோடு போட்டிருப்பீர்கள், அது வேண்டுமென்றே பின்னணியை மங்கலாக்கும். சாதாரண மோடில் எடுங்கள். அப்படியும் மங்கினால் அம்மாவை இன்னும் நாலடி பின்னால் போகச் சொல்லுங்கள்.