உள்நாட்டுப் போர் சிப்பாயின் பென்ஷன் கோப்பைத் தேடிப் படிப்பது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) முடிந்தபின் கை கால் இழந்தவர்களும் உடம்பு கெட்டவர்களும் பென்ஷன் கேட்டுப் போட்ட மனுக்கள் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன. தளபதிகளைப் பற்றி எழுத எத்தனையோ பேர் உண்டு. சாதாரணச் சிப்பாய் தன் வலியைச் சொல்வதைக் கேட்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. முதல்முறை தேடுபவர்கள் இப்படிப் போகலாம்.

படி 1: எந்தப் பக்கத்துச் சிப்பாய்?

மத்திய அரசு பென்ஷன் கொடுத்தது வடக்கின் ஒன்றியப் படைக்குத்தான். தெற்குப் படைக்காரர்களுக்குப் பிற்பாடு அந்தந்தத் தென் மாநிலங்கள் கொடுத்தன. அவர்களுடைய மனுக்களை மாநிலக் காப்பகங்களில் தேட வேண்டும்.

படி 2: அட்டையைப் பிடியுங்கள்

ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி தேடும் தளத்தில் பெயர் அட்டவணை இலவசம். பெயர், ரெஜிமெண்ட் (படைப்பிரிவு), மனுப் போட்ட தேதி, மனு எண், பென்ஷன் கிடைத்ததற்கான சான்றிதழ் எண் எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும். 'இன்வாலிட்' என்ற வரி சிப்பாயுடையது. 'விடோ' என்பது அவர் மனைவியுடையது. சான்றிதழ் எண் இல்லையென்றால் பெரும்பாலும் மனு ஏற்கப்படவில்லை என்று அர்த்தம். அதற்காக அந்த ஆளை விட்டுவிடாதீர்கள், அவர் பட்ட பாடும் கோப்பில் இருக்கும். எண்களைக் குறித்துக்கொண்டு காப்பகத்துக்கு எழுதிக் கட்டணம் கட்டினால் நகல் வரும்.

படி 3: மனுவின் தேதியைச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள்

1862 சட்டப்படி, ஊனம் படைப்பணியில் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். முழு ஊனமான சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். 1890-இல் இது தளர்ந்தது. 90 நாள் சேவை, முறையான விடுவிப்பு, உடலுழைப்புக்கு முடியாத நிலை, இவை போதும். கெட்ட பழக்கத்தால் வந்த ஊனமாக மட்டும் இருக்கக் கூடாது. தொகை 6 முதல் 12 டாலர். 1907 சட்டத்தில் 62 வயதே தகுதியானது. அதனால் ஒரே மனிதர் 1880-இல் குண்டடியையும் 1891-இல் மூட்டுவலியையும் சொன்னால் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். சட்டம் கேட்ட கேள்வி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

படி 4: மருத்துவர் சான்றிதழில் நேரம் செலவழியுங்கள்

இந்தத் தாளில் மனித உடம்பின் கோட்டுருவம் அச்சிட்டிருக்கும், முன்பக்கமும் பின்பக்கமும். குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் மருத்துவர்கள் அதில் மையால் குறித்திருப்பார்கள். பக்கத்திலேயே தழும்பின் நீளம், கை எவ்வளவு உயர்கிறது என்ற குறிப்பு. அப்புறம் மதிப்பு: 4/18, 8/18 என்று ஒவ்வோர் ஊனத்துக்கும் பதினெட்டில் இத்தனை பங்கு. முகாமில் பிடித்த வயிற்றுப்போக்கு இருபது முப்பது வருஷம் கழித்தும் விடவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம். காயத்தைவிட நோய்தான் பலரை முடக்கியது.

படி 5: வாக்குமூலங்கள்

கூடச் சண்டை போட்டவர்கள், அக்கம்பக்கத்தார், வேலை கொடுத்தவர் எல்லோரும் சாட்சி சொல்லியிருப்பார்கள். அடிமையாக இருந்து படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்களின் கோப்புகளை அவசியம் எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதிக்குச் சான்று இருக்காது, கல்யாணம் பதிவாகியிருக்காது. எஜமானரின் குடும்பப் பெயரில் படையில் சேர்ந்து, பிறகு வேறு பெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்தான் இவரா என்று விசாரிக்க பென்ஷன் அலுவலகத்தின் விசேஷ அதிகாரி ஊருக்கே வருவார். அந்த விசாரணையில்தான் தாய் யார், எந்தத் தோட்டத்தில் வளர்ந்தார் என்பதெல்லாம் வெளிவரும்.

கையெழுத்துப் போடும் இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். எழுதத் தெரியாதவரின் பெயரை எழுத்தர் எழுதியிருப்பார். நடுவில் ஒரு பெருக்கல் குறி, மேலே 'ஹிஸ்', கீழே 'மார்க்', அதாவது 'அவருடைய குறி'. அந்தக் குறி மட்டும் சிப்பாய் பேனா பிடித்துப் போட்டது.